அரசு ஊழியர் வேலை செய்வதும் செய்யாததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருவாய்த் துறையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது துறைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பொதுமக்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் சுற்றிச்சுற்றி அதே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தாலுகா ஆபீஸ் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். பின்னால் குறிப்பிட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. மனசு, வேலைச்சுமை, ஈடுபாடு எல்லாம் ஒண்ணுதானே சார்? ஏன் தனித்தனியா பிரிக்கிறீங்க?

வேலையையும், தேடி வருகிற மனிதரையும் ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பது மனப்பான்மை. அவர் மேஜைக்கு எவ்வளவு வருகிறது, அதை முடிக்க நேரமும் ஆளும் கருவியும் இருக்கிறதா என்பது பணிச்சுமை. இந்த வேலையைத் தன்னுடையதாக நினைக்கிறாரா என்பது ஈடுபாடு.

பிரித்துப் பார்க்காவிட்டால் மருந்து மாறிப்போகும். சுமையில் திணறுகிறவரை மனப்பான்மைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவர் திரும்பி வரும்போது மேஜையில் இன்னும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். வேலையே இல்லாமல் வம்பளக்கிறவருக்குக் கூட ஓர் உதவியாளரைப் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய மனசைக் குறை சொல்வதற்கு முன் அவர் மேஜையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பார்த்த பிறகும் குறை மிஞ்சினால் தாராளமாகச் சொல்லலாம்.

2. கவர்மெண்ட் ஸ்டாஃப்னாலே சோம்பேறிங்கதானே? உண்மையைச் சொல்லுங்க.

இல்லவே இல்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். 2003-இல் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார்கள். நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர்தான்.

அதே கணக்கை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். நான்கில் மூவர் வந்திருந்தார்கள். வந்தவருக்கும் வராதவருக்கும் சம்பளம் ஒன்று, இன்கிரிமென்ட் ஒன்று, பதவி உயர்வு வரிசையும் ஒன்று. வராவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்தது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சோம்பேறி என்ற ஒரே சொல்லில் இதற்கு விளக்கம் கிடையாது.

3. ஒரு வி.ஏ.ஓ.வுக்கு அப்படி என்னதான் வேலை? சர்டிபிகேட்டுக்கு ஓகே குடுக்கிறதுதானே?

1980-க்கு முன் கிராமத்தில் கணக்கு எழுத ஒருவர், வரி வசூலுக்கும் ஒழுங்குக்கும் முன்சீப் ஒருவர் என்று பரம்பரைப் பதவிகள் இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்தது. ஒழித்தது சரியான காரியம். ஆனால் அந்த இரண்டு வேலையும் சேர்ந்து ஒரே கிராம நிர்வாக அலுவலர் தலையில் வந்தது. இன்று தமிழ்நாட்டில் வருவாய்க் கிராமங்கள் 16 ஆயிரத்துக்கும் மேல், வி.ஏ.ஓ. பணியிடங்கள் 12 ஆயிரத்துச் சொச்சம். அதிலும் காலியிடம் இருந்தால் பக்கத்துக் கிராமம் 'கூடுதல் பொறுப்பு' என்று வரும். பொறுப்பு கூடும், நாளில் மணி கூடாது.

அடங்கல் என்ற பயிர்க் கணக்கு எழுதப் பயிராய்வு, வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, புறம்போக்கு ஆக்கிரமிப்பு, பட்டா மாறுதல் விசாரணை, ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குத் தணிக்கைக்குக் கணக்கு. இவை கையேட்டில் இருப்பவை. சந்தேக மரணம் என்றால் போலீஸ் கூப்பிடும். கோவில் திருவிழாவில் இரண்டு தரப்பு முறைத்துக்கொண்டால் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். மழை பெய்தால் பயிர்ச் சேதக் கணக்கு, புயல் வந்தால் ராத்திரி முகாம், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், புதுத் திட்டம் வந்தால் பயனாளி விசாரணை.

இதற்கு நடுவில் ஜூன் மாதம் வரும். பிளஸ் டூ ரிசல்ட் முடிந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கிற நேரம். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று இ-சேவை மையத்திலிருந்து விண்ணப்பங்கள் லாகினில் குவியும். ஒவ்வொன்றையும் விசாரித்து ஆர்.ஐ.க்கு, அதாவது வருவாய் ஆய்வாளருக்கு, அனுப்ப வேண்டும், அங்கிருந்து மண்டலத் துணை வட்டாட்சியருக்குப் போகும். வருமானச் சான்று கேட்கிறவரின் வருமானத்தை நிஜமாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் கேட்டு, நிலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜூனில் அது எப்படி நடக்கும்? கிராம உதவியாளரைக் கூப்பிட்டு, "யாருய்யா இது, முருகேசன் மவளா? சரி" என்பதுதான் விசாரணை. அதைக் குறை சொல்லத்தான் வேண்டும். எங்கிருந்து வந்தது அந்தக் குறை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4. சரி, ஆள் போட்டா எல்லாம் சரியாயிடுமா? ஆள் பத்தலைன்னு சொல்றது வழக்கமான சாக்குதானே?

இது சாக்கா இல்லையா என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கன்வாடியில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித் தருவது, எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அந்தப் பணியாளர் தலையில். "பிள்ளைங்களுக்கு ஒண்ணும் சொல்லிக் கொடுக்கிறதில்ல, சும்மா உட்கார வைக்கிறாங்க" என்பது தாய்மார்களின் நிரந்தரப் புகார்.

கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அதில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருடம் கழித்துச் சோதித்தபோது கணக்கிலும் மொழியிலும் அந்த மையப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஏற்கெனவே இருந்த பணியாளர் சத்துணவு, சுகாதார வேலைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க முடிந்தது. ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது.

யாருக்கும் மனப்பான்மை வகுப்பு எடுக்கவில்லை. யாரையும் மிரட்டவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக வந்தவருக்கு 'இது மட்டும்தான் உன் வேலை' என்று வரையறுத்துக் கொடுத்தார்கள். அதே ஆளைப் பொதுவாகப் போட்டிருந்தால் அவரும் பதிவேடு எழுத உட்கார்ந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

5. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் சும்மாதான் இருக்காங்க. நான் மட்டும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்றேன். இது என்ன நியாயம்?

இந்தத் தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்கள் எல்லாம் வேலை தெரிந்தவர்கள்.

அரசு அலுவலகத்தில் வேலையை நன்றாகச் செய்வதற்குக் கிடைக்கும் பரிசு இன்னும் கொஞ்சம் வேலை. தாசில்தாருக்கு சாயந்திரம் கலெக்டரேட்டுக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அவர் யாரைக் கூப்பிடுவார்? அந்தப் பிரிவுக்கு உரியவரையா, தப்பில்லாமல் அரை மணியில் அடித்துக் கொடுப்பவரையா? ஒரு தடவை அடித்துக் கொடுத்தால் அது உங்கள் வேலையாகிவிடும். மற்றவருக்கு 'அவருக்குக் கம்ப்யூட்டர் வராது' என்று பெயர் கிடைக்கும். அந்தப் பெயரைச் சிலர் ரிட்டயர் ஆகிற வரை பத்திரமாகக் காப்பாற்றுவார்கள்.

ஒவ்வொரு ஊழியரும் தன் தபால்களைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டைப் புரட்டினால் யாரிடம் எத்தனை தபால் வந்தது, எத்தனை முடிந்தது என்று தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த 'அர்ஜென்ட்' எதுவும் தன்பதிவேட்டில் ஏறாது. சுமையின் பெரும்பகுதி இப்போது அங்கேதான் இருக்கிறது, கணக்கில் இல்லாமல். வட்டார வளர்ச்சி அலுவலர்களின் நேரம் எதில் போகிறது என்று குறித்துப் பார்த்த ஓர் ஆய்வை ஆதித்ய தாஸ்குப்தா, தேவேஷ் கபூர் இருவரும் 2020-இல் வெளியிட்டார்கள். ஆளும் வசதியும் குறைந்த அலுவலகங்களில் அதிகாரிகள் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், வேலையைத் திட்டமிட்டுப் பிரித்துக் கொடுக்க அவர்களுக்கு நேரமே இருப்பதில்லை, அங்கெல்லாம் நூறு நாள் வேலைத் திட்டமும் மோசமாக நடக்கிறது என்று கண்டார்கள். உங்கள் எட்டு மணிக்கு ஒரு காரணம் உங்கள் தாசில்தாருக்கு யோசிக்க நேரமில்லாதது. காரணம்தான் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை.

6. அப்ப வேலை கம்மியா இருந்தா எல்லாரும் நல்லா செய்வாங்களா?

மாட்டார்கள். வேலை இல்லாத சீட்டில் சில வருடம் இருந்தவரை வேலை உள்ள சீட்டுக்கு மாற்றிப் பாருங்கள், தெரியும். சுமையிலும் இரண்டு வகை. வெள்ள நேரத்தில் மூன்று நாள் தூங்காமல் முகாம் நடத்தியவரிடம் கேட்டால் பெருமையாகச் சொல்வார். ஒரே தகவலை நான்கு படிவத்தில் நான்கு அலுவலகத்துக்கு அனுப்பியவர் சலித்துக்கொள்வார். உடம்புக்கு முதலாவதுதான் கஷ்டம். மனசை அரிப்பது இரண்டாவது.

7. நாங்கள்லாம் பென்ஷனுக்காக இருக்கோம் சார். எங்களையும் ஈடுபாடு உள்ளவங்கன்னு சொல்வீங்களா?

ஈடுபாட்டை மேயர், ஆலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள். பிடித்திருக்கிறது என்று இருப்பது ஒன்று. விட்டால் நஷ்டம் என்று இருப்பது ஒன்று. விட்டுப் போவது நியாயமில்லை என்று இருப்பது மூன்றாவது. வெளியிலிருந்து பார்த்தால் மூவரும் வேலையை விடவில்லை, அவ்வளவுதான் தெரியும். வேலையின் தரத்தோடு நல்ல தொடர்பு முதலாவதற்கு உண்டு. நஷ்டக் கணக்கில் இருப்பவர் ஆஜராவார், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நின்று, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஒரே அறையில் ஒரே வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஓய்வுக்காலம் வேறுவேறு ஆனது. பென்ஷன் இல்லையென்றால் ஊழியர்கள் இன்னும் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று அப்போது சிலர் எதிர்பார்த்தார்கள். நான் பார்த்தவரை சுறுசுறுப்பு கூடவில்லை. 'நமக்கென்ன' என்பதுதான் கொஞ்சம் கூடியது. பென்ஷனுக்காக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வீடு இருக்கிறது. பென்ஷனுக்காக *மட்டும்* இருக்கிறீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

8. சம்பளத்தை ஏத்தினாலோ இன்சென்டிவ் கொடுத்தாலோ வேலை நடக்காதா?

சம்பளத்தை ஏற்றிப் பார்த்த நாடு இந்தோனேசியா. தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கினார்கள். ஆசிரியர்கள் சந்தோஷப்பட்டார்கள், கடன் நெருக்கடி குறைந்தது, வெளியில் இரண்டாவது வேலை பார்ப்பதும் குறைந்தது. பிள்ளைகளின் படிப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நிபந்தனையில்லாமல் உயர்த்தினால் அதுதான் நடக்கும். சம்பளம் நியாயமாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்கு இந்தக் காரணம் தேவையில்லை.

வேலைக்கேற்ற ஊக்கத்தொகையைப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் சொத்துவரி ஊழியர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வசூல் நன்றாகவே கூடியது. கூடவே இன்னொன்றும் நடந்தது: சில சொத்துகள் ஒழுங்காக வரிக்குள் வந்தன, மற்ற பலரிடம் லஞ்சத் தொகை ஏறியது. "கட்டச் சொன்னால் எனக்கு இன்சென்டிவ் வரும், விட்டுவிட வேண்டுமென்றால் அதைவிடக் கூடக் கொடு" என்ற கணக்கு. அதே மாகாணத்தில் பிறகு வேறொன்றைச் சோதித்தார்கள். நன்றாக வசூலித்தவருக்கு அடுத்த முறை எந்த இடத்துக்கு மாற்றல் வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. கையில் காசு கொடுக்கவில்லை, வசூல் கூடியது. நம் ஊரில் மாற்றலுக்காக யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

9. பயோமெட்ரிக் வச்சு, கேமரா வச்சுப் புடிச்சா?

ராஜஸ்தான் உதய்பூரில் கிராமச் செவிலியர்களுக்கு நேரம் பதியும் இயந்திரம் கொடுத்து, சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் கண்காணித்தது. வராத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் என்று அரசும் சொன்னது. முதல் ஆறு மாதம் வருகை நன்றாக உயர்ந்தது. பிறகு மேலதிகாரிகளே 'விலக்கு நாள்' என்று குறித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 16 மாதம் ஆனபோது இயந்திரம் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் இல்லை.

இயந்திரம் ஆளை வாசல் வரை கொண்டுவரும். அதையும் மேலிருப்பவர் காக்க வேண்டும். வந்தவர் உள்ளே என்ன செய்கிறார் என்பது அதற்குத் தெரியாது. வி.ஏ.ஓ. மாதிரி ஊர் சுற்ற வேண்டிய வேலையில், நாற்காலியில் இருப்பவர் பயிராய்வுக்குப் போகவில்லை என்றும் அர்த்தம்.

10. பெண்டிங் ஜீரோன்னு போர்டு போடறாங்க. என் பட்டா மட்டும் ரெண்டு வருஷமா வரல. எப்படி?

மனு மூன்று வழியில் 'முடியும்': ஏற்பு, நிராகரிப்பு, திருப்பி அனுப்புதல். ஆய்வுக் கூட்டத்தில் திரையில் வருவது நிலுவை எண். அது சிவப்பில் இருந்தால் தாலுகா பெயரைச் சொல்லி மைக்கில் கேட்பார்கள். நிலத்தைப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டிய பட்டா மாறுதல் என்றால் சர்வேயர் போய் அளக்க வேண்டும், பக்கத்து நிலக்காரர் தகராறு பண்ணுவார், புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஒரு கோடு இருக்கும், தரையில் வேறு வேலி இருக்கும். கெடு முடியப் போகிறது. 'ஆவணங்கள் தெளிவாக இல்லை' என்று ஒரு வரி அடித்தால் நிலுவை ஒன்று குறையும். நீங்கள் மறுபடி விண்ணப்பிப்பீர்கள், மறுபடி அது ஒரு 'முடிவு'. உங்கள் ஒரே பட்டாவில் அந்த அலுவலகம் இரண்டு மூன்று தடவை வேலை செய்து முடித்திருக்கிறது, காகிதப்படி.

இதை வெறும் கெட்ட மனசு என்று தள்ள மாட்டேன். 3-ஆம் கேள்வியில் சொன்ன சுமையும், எண்ணை மட்டும் பார்க்கும் ஆய்வும் சேர்ந்தால் நல்லவரும் இதைத்தான் செய்வார். ஆனால் நிராகரிக்கும்போது என்ன குறை, எந்தப் பத்திரம் வேண்டும் என்று தெளிவாக எழுத இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கிறாரா என்பதில்தான் ஒருவருடைய மனப்பான்மையை நான் பார்ப்பேன்.

11. முகாம் போட்டா மட்டும் கடகடன்னு நடக்குதே? அதே ஆளுங்கதானே?

அதே ஆட்கள்தான். 2025 ஜூலை 15-இல் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' திட்டத்தில் 10,000 முகாம்கள், மனுவுக்கு 45 நாள் கெடு என்று அறிவித்தார்கள். முகாமில் எல்லாத் துறையும் ஒரே பந்தலில் உட்காரும், மேலதிகாரி பக்கத்திலேயே இருப்பார், முடிவெடுக்கிறவரைத் தேடி அலைய வேண்டாம். அதனால் எளிய மனுக்கள் பறக்கும்.

முகாமில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவருடைய சொந்த மேஜையில் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாத பக்கம். அன்று அலுவலகம் போனவர் "எல்லாரும் கேம்ப் போயிட்டாங்க" என்ற பதிலோடு திரும்பியிருப்பார்.

12. சந்தோஷமா வச்சுக்கிட்டா ஊழியர் நல்லா வேலை செய்வார்னு சொல்றாங்களே?

தொடர்பு உண்டு, நினைக்கிற அளவு இல்லை. 300-க்கும் மேற்பட்ட தரவுத் தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பணித் திருப்திக்கும் செயல்திறனுக்கும் இடையிலான தொடர்பு எண் ஏறக்குறைய 0.30. முழுத் தொடர்பு என்றால் 1. அதிலும் எது முன்னால் என்பது சிக்கல். வேலை நன்றாக முடிந்ததால் திருப்தி வந்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் பல வருடப் பட்டாப் பிரச்சினையை முடித்துக் கொடுத்த அன்று வீட்டுக்குப் போகிற மனநிலை எந்த யோகா வகுப்பிலும் வராது.

13. நான் இப்பதான் ஜூனியர் அசிஸ்டென்ட்டா சேர்ந்திருக்கேன். நானும் சீக்கிரம் இவங்களை மாதிரி ஆயிடுவேனா?

புதிதாகச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்கான பவானிசாகர் பயிற்சிக்குப் போய் வந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அலுவலக நடைமுறை, கோப்பு எழுதும் முறை எல்லாம் புத்தம் புதிதாக மனதில் இருக்கும். திரும்பி வந்த வாரமே பக்கத்து சீட்காரர் சொல்லுவார்: "தம்பி, அதெல்லாம் பரீட்சைக்கு. இங்க பழைய கோப்பைப் பாத்து அப்படியே எழுது." மாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. யாரும் ஒரே நாளில் மாறுவதில்லை.

பொதுச் சேவையில் இருக்கும் ஆசை ஒரு தனி உந்துதல் என்று பெர்ரி, வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் எழுதினார்கள். அது பலருக்கு உண்டு, உங்களுக்கும் இருப்பதால்தான் இந்தப் பயம். அதைக் காப்பாற்றுவதில் முதல் சில வருடங்களில் யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்பதற்குப் பெரிய பங்கு. நல்ல ஹெட் கிளார்க் ஒருவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், வேலை தெரிந்த ஒருவரை வேறு செக்ஷனிலாவது தேடிப் பிடியுங்கள். விதியைப் படித்து வைத்திருங்கள். 'இப்படித்தான் வழக்கம்' என்று சொல்லும்போது 'எந்த விதி அக்கா?' என்று மரியாதையாகக் கேட்க முடிந்தவர் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை.

14. செஞ்சு தப்பாப் போனா 17பி. செய்யாம இருந்தா ஒண்ணுமில்ல. அப்புறம் நான் ஏன் செய்யணும்?

வெளியிலிருப்பவர்களுக்கு: 17பி என்பது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்கும், ஜூனியர் மேலே போய்விடுவார். தாமதமாக ஒரு கோப்பை நகர்த்தியதற்கு மெமோ வந்தால் விளக்கம் எழுதி முடிக்கலாம். தவறான பட்டா கொடுத்ததற்கு வந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே "மேல்நடவடிக்கைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது" என்று எழுதி ஒரு மேஜை தள்ளிவிடுவது பாதுகாப்பு. உங்கள் கணக்கு தப்பில்லை என்பதுதான் துயரம்.

உயிருக்கும் கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். இறந்துபோனார். அவருக்கு ஈடுபாடு குறைவாக இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார். இதைத் தெரிந்துகொண்டு 'ஈடுபாடு காட்டு' என்று யாருக்கும் வகுப்பெடுக்க எனக்கு வாய் வரவில்லை. காட்டுகிறவருக்கு அரசு என்ன பாதுகாப்புக் கொடுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தினசரிக் கோப்புகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். காரணத்தை எழுதுங்கள். எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், யாரை விசாரித்தீர்கள், எந்த விதிப்படி முடிவு என்று குறிப்பில் நான்கு வரி இருந்தால், நல்லெண்ணத்தில் எடுத்த முடிவை நிரூபிக்க முடியும். வாய்மொழி உத்தரவில் செய்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

15. எங்க ஆபீஸ்ல லஞ்சம் வாங்கறவர்தான் வேகமா வேலை செய்யறார். நேர்மையானவர் ஃபைலைத் தொடவே மாட்டேங்கறார். யார் நல்ல ஊழியர்?

வகுப்பில் இதைக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வாங்குகிறவரின் வேகம் கொடுத்தவருக்கு மட்டும். கொடுக்காதவரின் கோப்பு அதே மேஜையில் அடியில் கிடக்கும். அந்தத் தாமதம்தான் அவருடைய மூலதனம், அதை அவரே உண்டாக்குகிறார். 8-ஆம் கேள்வியில் பார்த்த பஞ்சாப் கணக்குதான் இதுவும்.

தொடாத நேர்மையாளரையும் நான் விட மாட்டேன். பலர் 14-ஆம் கேள்வியில் சொன்ன பயத்தில் இருக்கிறார்கள், அது புரிகிறது. சிலருக்கோ 'நான் கை நீட்டுவதில்லை' என்பதே போதுமான சாதனை. விதவை உதவித்தொகைக்கு மூன்றாவது முறை வந்த அம்மாவுக்கு அவருடைய சுத்தமான கையால் என்ன பயன்? நேர்மை குறைந்தபட்சத் தகுதி. அதை வைத்து மதிப்பெண் போட முடியாது.

16. ஸ்ட்ரைக் பண்றவங்களுக்கு வேலையில அக்கறை இல்லைன்னுதானே அர்த்தம்?

2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களை அன்றைய அரசு வேலையைவிட்டு நீக்கியது. அடுத்த மாதமே, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலானோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கோரிக்கைகளைப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். 2025-இல் வருவாய்த் துறைச் சங்கங்கள் முகாம் பணியையும், பிறகு வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தப் பணியையும் புறக்கணிப்பதாக அறிவித்தபோது முன்வைத்தது வேலைச்சுமையை: ஆள் கொடு, கால அவகாசம் கொடு, ராத்திரி ஆய்வுக் கூட்டத்தை நிறுத்து.

அக்கறை இல்லாதவர் கூடுதல் ஆள் கேட்டுப் போராட மாட்டார். இருக்கிற ஆளோடு மெதுவாகச் செய்துவிட்டுப் போவார். அதே நேரம், சங்கம் என்பது வேலை செய்யாதவருக்கும் குடை பிடிக்கிறது என்ற பொதுமக்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

17. நான் ஒரு தாலுகாவைப் பாத்துக்கறேன். ஆள் போடற அதிகாரமும் இல்ல, சம்பளம் ஏத்தற அதிகாரமும் இல்ல. என்னால என்ன செய்ய முடியும்?

சீட் பிரிக்கும் அதிகாரம் உங்களுடையது. தன்பதிவேட்டையும், வாட்ஸ்அப்பில் போன மாதம் யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5-ஆம் கேள்வி கேட்டவர் யார் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் வராதவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுங்கள், இரண்டு மாதம் அறிக்கை தப்பாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே கேட்கும் அறிக்கைகளைப் பாதியாக்குங்கள். ஒரே விவரம் ஏற்கெனவே போர்ட்டலில் இருந்தால் அதை மறுபடி எக்செல் தாளில் கேட்காதீர்கள். மேலே கேட்டால் உங்கள் அலுவலகத்திலேயே எடுத்து அனுப்புங்கள். நைஜீரிய அரசுத் துறைகளில் 4,700-க்கும் மேற்பட்ட திட்டங்களைப் பார்த்த ஓர் ஆய்வில், ஊழியர்களுக்கு முடிவெடுக்க இடம் கொடுத்த அலுவலகங்களில் திட்டங்கள் கூடுதலாக முடிந்தன, கண்காணிப்பைக் கூட்டிய இடங்களில் குறைவாக முடிந்தன. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்கள் ஆர்.ஐ. ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு போன் பண்ணுகிறார் என்றால் அவருக்கு அந்த இடத்தை நீங்கள் கொடுக்கவில்லை.

இன்னொன்று. வாரம் ஒரு முறை, நிராகரித்த மனுக்களில் பத்தை எடுத்து மனுதாரருக்கு நீங்களே போன் போடுங்கள். "உங்க மனுவை ஏன் தள்ளினாங்கன்னு தெரியுமாம்மா?" என்று கேளுங்கள். நிலுவைப் பட்டியல் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள். நீங்கள் போன் போடுகிறீர்கள் என்று மண்டலத் துணை வட்டாட்சியருக்குத் தெரிந்த வாரத்திலிருந்து அந்த ஒரு வரிக் காரணம் மூன்று வரியாகும்.